பிரசவ வார்டின் வாசலில்: கருவுற்ற பெண்களுக்கான வைரஸ் சோதனை

(மதுரையை ஒட்டிய பரவையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தச் சொற்பொழிவுக்கு அழைத்தவர்கள் என்னிடம் ஒன்றுதான் கேட்டுக்கொண்டார்கள்: ஊருக்குப் பயன்படுகிற மாதிரி பேச வேண்டும். மகப்பேறு மருத்துவத்தில் காலத்தைக் கழித்தவள் நான். அதனால் எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். பிரசவத்துக்காக ஒரு பெண் ஆஸ்பத்திரியில் சேர்கிறாள். சேரும்போதே அவளுடைய ரத்தத்தை எடுக்கிறார்கள். கொரோனாக் காலத்தில் மூக்கிலும் தொண்டையிலும் குச்சி விட்டுச் சளி மாதிரியும் எடுத்தார்கள். எதற்காக எடுக்கிறார்கள், எடுத்த பிறகு என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது என்பதுதான் இன்றைய பேச்சு.

பரவையில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. 2020 ஜூன் மாதம் உங்களுக்கு மறந்திருக்காது. இங்குள்ள காய்கறிச் சந்தையில் கொரோனா பரவியது. ஜூன் 24 முதல் மதுரை மாநகராட்சி, பரவை பேரூராட்சி, மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்கள் ஆகியவற்றில் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஜூன் 30 வரை என்றார்கள், பிறகு ஜூலையிலும் நீட்டித்தார்கள். அரசாணையில் மாநகராட்சியோடு சேர்த்துப் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்ட பேரூராட்சி உங்களுடையது. சந்தையில் மூட்டை தூக்கியவர், கமிஷன் கடைக்காரர், தள்ளுவண்டியில் கீரை கொண்டுபோய் விற்ற அம்மா என்று எல்லோர் வீட்டுக்குள்ளும் அந்தப் பயம் புகுந்தது. அந்த வீடுகளில் நிறைமாதப் பெண்களும் இருந்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்பே, 2020 ஏப்ரல் 20 அன்று, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஓர் அறிவுரை வெளியிட்டிருந்தது. தொற்றுத் திரள் உள்ள இடங்களிலும் கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளிலும் வசிக்கும் கர்ப்பிணிகளில், வலி எடுத்து வருபவர்களுக்கும் ஐந்து நாட்களுக்குள் பிரசவம் ஆகக்கூடியவர்களுக்கும், காய்ச்சல் இருமல் ஏதும் இல்லாவிட்டாலும் சோதனை செய்ய வேண்டும் என்றது அது. ஆகவே அந்த ஜூனில் பரவையிலிருந்து ஒரு பெண் வலியோடு போனால், அவள் உடம்பில் எந்தக் குறியும் தேவையில்லை. ஆதார் அட்டையில் இருந்த முகவரியே போதுமானதாக இருந்தது.

இப்படி ஓர் அறிவுரை எங்கிருந்து வந்தது? நியூயார்க் நகரில், கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மருத்துவமனைகளில் 2020 மார்ச் 22 முதல் ஏப்ரல் 4 வரை பிரசவத்துக்கு வந்த பெண்கள் 215 பேர். எல்லோருக்கும் அறிகுறி பார்த்தார்கள். நான்கு பேருக்கு மட்டும் காய்ச்சல் முதலிய அறிகுறிகள் இருந்தன. நால்வருக்கும் தொற்று உறுதியானது. அறிகுறி இல்லாத மற்றவர்களில் 210 பேருக்குச் சோதித்தபோது 29 பேருக்குத் தொற்று இருந்தது. அதாவது தொற்றுள்ள 33 பெண்களில் 29 பேரை, பார்த்தோ கேட்டோ யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. இந்தக் கணக்கு மருத்துவ இதழில் வெளியானதும் உலகம் முழுவதும் பிரசவ வார்டுகள் விழித்துக்கொண்டன. நெருக்கடியான ஒரு கொள்ளைநோய்க் காலத்தில், பிரசவ வார்டு மூட முடியாத வார்டு. கண் அறுவையைத் தள்ளிவைக்கலாம், குடலிறக்க அறுவையைத் தள்ளிவைக்கலாம். வலி எடுத்தவளைப் போய்விட்டு அடுத்த மாதம் வா என்று சொல்ல முடியாது. ஒரே அறையில் பத்துப் பெண்கள், அவர்களுக்குத் துணைக்கு வந்த அம்மாமார், செவிலியர், ஆயாக்கள். அங்கே யாருக்குத் தொற்று என்று தெரிந்துகொள்வது நியாயமான காரியம்தான். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில், தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று நிகழ்ந்த அதே பெரியாஸ்பத்திரியில், அந்த ஆண்டு முழுக்கப் பிள்ளைகளும் பிறந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆனால் நியாயமான சோதனை அநியாயமான காரியத்துக்குப் பயன்பட்டதையும் அந்த ஆண்டே பார்த்தோம். 2020 ஜூன் 5 அன்று, தில்லியை ஒட்டிய நொய்டாவில், எட்டு மாதக் கர்ப்பிணி ஒருவர் பதின்மூன்று மணி நேரம் ஆம்புலன்சில் அலைந்து, எட்டு மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ள மறுத்து, வண்டியிலேயே இறந்தார். நாடெங்கும், தமிழ்நாட்டிலும், "முதலில் ரிசல்ட் கொண்டு வாங்க" என்ற வார்த்தையைக் கேட்ட குடும்பங்கள் உண்டு. கொரோனாவுக்கான ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையின் முடிவு வர ஒரு நாள், சில நேரம் இரண்டு நாள் ஆகும். கர்ப்பப்பை வாய் திறக்கத் தொடங்கிவிட்டால் அந்த ஒரு நாள் கிடையாது.

ஆராய்ச்சிக் கழகமே இதை உணர்ந்துதான், 2020 மே மாத அறிவுரையில், சோதனை ஆகவில்லை என்பதற்காகப் பிரசவம் உட்பட எந்த அவசர சிகிச்சையையும் தாமதப்படுத்தக் கூடாது என்று எழுதியது. செப்டம்பரில், பிரசவத்துக்குச் சேரும் எல்லாப் பெண்களுக்கும் சோதனை என்று விரித்தபோதும், சோதனை வசதி இல்லை என்று வேறு இடத்துக்கு அனுப்பக் கூடாது என்றது. தொற்றுள்ள தாய் முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவி, பிள்ளையைத் தொடலாம், பால் கொடுக்கலாம் என்று வழி சொன்னது. ஆனாலும் எத்தனையோ இடங்களில் தாயை ஒரு கட்டடத்திலும் பிள்ளையை வேறொரு கட்டடத்திலும் வைத்தார்கள். பால் கட்டிக்கொண்டு அழுத தாய்மார்களை நான் அறிவேன். பயத்தில் செய்தார்கள், பயம் புரிகிறது. ஆனால் அந்தச் சோதனை அந்தப் பெண்ணுக்கு என்ன கொடுத்தது என்ற கேள்விக்கு அங்கே பதில் இல்லை.

2022 ஜனவரி 10 அன்று அந்த விதி திரும்பியது. அறிகுறி இல்லாமல் பிரசவத்துக்குச் சேரும் பெண்களுக்கு, தேவை ஏற்பட்டாலன்றி கொரோனா சோதனை வேண்டாம் என்று ஆராய்ச்சிக் கழகம் அறிவித்தது. தடுப்பூசி வந்திருந்தது, கர்ப்பிணிகளுக்கும் 2021 ஜூலை முதல் போட அனுமதி இருந்தது. கிருமி மாறியது, ஊரின் நிலை மாறியது, சோதனையும் மாறியது. இப்படித்தான் இருக்க வேண்டும். ஒரு சோதனையைத் தொடங்குவதற்கு எவ்வளவு காரணம் வேண்டுமோ, அவ்வளவு காரணம் அதைத் தொடர்வதற்கும் வேண்டும்.

என் கேள்வி ஒன்றுதான். யாருக்காக இந்தச் சோதனை? முடிவு தெரிந்த பிறகு அந்தத் தாய்க்கோ பிள்ளைக்கோ செய்வதற்கு ஒரு காரியம் இருந்தால், அந்தச் சோதனையை அவசரமாகச் செய்ய வேண்டும்; செய்யாதது குற்றம். அப்படி ஒரு காரியமும் இல்லை, அவளை ஒதுக்கி வைக்க மட்டுமே அது உதவும் என்றால், எத்தனை நவீனமான கருவியில் செய்தாலும் அது மருத்துவம் ஆகாது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பிரசவ வார்டின் வாசலில் செய்யும் சோதனைகளில் மிக அவசரமானது எது தெரியுமா? பலரும் எச்.ஐ.வி. என்பார்கள். நான் ஹெபடைடிஸ் பி என்பேன்.

ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியிருக்கும் பெண்ணுக்குப் பெரும்பாலும் கண் மஞ்சளாக இருக்காது. நம் பக்கத்தில் மஞ்சக்காமாலை என்றால் கண்ணைப் பார்ப்போம், கீழாநெல்லி அரைத்துக் கொடுப்போம். கண் வெள்ளையாக இருந்தால் நோய் இல்லை என்று முடிவு செய்துவிடுவோம். ஆனால் இந்தக் கிருமி கல்லீரலில் பல்லாண்டுக் காலம் சத்தமே இல்லாமல் குடியிருக்கும். இந்தியாவில் ஏறத்தாழ நூற்றுக்கு இருவர் இதைத் தாங்கியிருக்கிறார்கள்; உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று கோடிப் பேர். இவர்களில் பெரும்பகுதியினர் இதைப் பெற்றது பிறக்கும்போது, அல்லது சின்னஞ்சிறு வயதில்.

வயதுதான் இங்கே எல்லாம். வளர்ந்த மனிதருக்கு இந்தக் கிருமி தொற்றினால், நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பு அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்குத் தொற்றினால் கணக்கு தலைகீழ்: பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது ஆயுளுக்கும் தங்கிவிடும். தாயின் ரத்தத்தில் கிருமி வேகமாகப் பெருகும் நிலையில் இருந்தால், ஒன்றும் செய்யாமல் விட்டால், பத்துக் குழந்தைகளில் ஒன்பது வரை தொற்றிக்கொள்ளும். அந்தக் குழந்தை நன்றாகவே வளரும். பள்ளிக்கூடம் போகும், ஓடியாடும், கல்யாணம் செய்துகொள்ளும். நாற்பது வயதில் வயிறு வீங்கி, ரத்தமாக வாந்தி எடுத்து, கல்லீரல் சுருங்கிவிட்டது அல்லது புற்றுநோய் என்று ஒரு நாள் தெரியவரும். பிறந்த நாளில் போட வேண்டிய ஓர் ஊசி தவறியதை அன்றைக்கு யாரும் நினைக்க மாட்டார்கள். குடியால் வந்தது என்று ஊர் சொல்லும். குடித்தே அறியாத மனிதர்கள் இப்படிப் பழி சுமந்து செத்திருக்கிறார்கள்.

தடுப்பது எளிது. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் முதல் ஊசி. இது எல்லாக் குழந்தைகளுக்கும். தாய்க்குத் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். தாய்க்குத் தொற்று உண்டென்று தெரிந்தால், கூடவே இன்னோர் ஊசி: ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலின். கிருமியை உடனடியாகக் கட்டிப்போடும் ஆயத்த எதிர்ப்புப் பொருள் அது. பிறந்த 12 மணி நேரத்துக்குள், தடுப்பூசி போட்ட தொடையில் போடாமல் மற்றத் தொடையில் போட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்தில் உள்ள குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடலாம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தாய்க்கு டெனோஃபோவிர் மாத்திரை கொடுத்தால் பாதுகாப்பு இன்னும் கூடும். சிசேரியன் செய்ய வேண்டியதில்லை. தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம்.

அந்த 12 மணி நேரத்தை யோசியுங்கள். இம்யூனோகுளோபுலின் விலை கூடிய மருந்து. எல்லா ஆஸ்பத்திரியிலும் அலமாரியில் இருக்காது. 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசமாகக் கிடைக்க வழி செய்திருக்கிறார்கள். ஆனால் வரவழைக்க நேரம் வேண்டும். தாய் வார்டுக்குள் வரும்போதே விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தால், இருபது நிமிடத்தில் விடை தெரியும். பிள்ளை பிறப்பதற்குள் மருந்து வந்து சேர்ந்துவிடும். பிறந்த பிறகு, நாளைக் காலை லேப் திறந்ததும் பார்க்கலாம் என்று விட்டால், அந்த ரிசல்ட் வருவதற்குள் காலம் கடந்திருக்கும். சேரும்போதே சோதனை என்பதன் பொருள் இதுதான்.

எச்.ஐ.வி.யின் கதை வேறு. அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு தனி இடம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில், 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியரான டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும், சென்னைப் பெண்கள் சிலரிடமிருந்து ரத்தம் சேகரித்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள். ஆறு பேருக்குத் தொற்று இருந்தது. இங்கே எய்ட்ஸ் வராது என்று மார்தட்டிக்கொண்டிருந்த தேசம் அன்று வாயடைத்துப் போனது. அந்த முதல் பெயர்ப்பட்டியலில் இருந்தவர்கள் பெண்கள் என்பதால், பழியும் பெண்கள் மேலேயே விழுந்தது. கணவனிடமிருந்து பெற்ற நோயை, பிரசவ வார்டில் சோதனை செய்தபோது முதலில் தெரிந்துகொண்டவள் மனைவி. "இவள் கொண்டுவந்தாள்" என்று வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவளும் அவளே.

1994இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஓர் ஆய்வு வழி காட்டியது. தாய்க்கும் குழந்தைக்கும் ஏ.இசட்.டி. மருந்து கொடுத்தபோது, குழந்தைக்குத் தொற்றுவது நூற்றுக்கு 25.5 என்பதிலிருந்து 8.3 ஆகக் குறைந்தது. 1999இல் உகாண்டாவில் இன்னும் எளிய வழி கிடைத்தது: வலி எடுக்கும்போது தாய்க்கு ஒரே ஒரு நெவிரபின் மாத்திரை, பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்குச் சில சொட்டு மருந்து. இவ்வளவே தொற்றைப் பாதியளவுக்குக் குறைத்தது. எங்களைப் போன்ற அரசு மருத்துவர்களுக்கு அது எப்படிப்பட்ட செய்தி என்று சொல்லி விளக்க முடியாது. ஒரு செக்கப்பும் செய்யாமல், ஒரு காகிதமும் இல்லாமல், பனிக்குடம் உடைந்த நிலையில் வந்து நிற்பவளுக்கும் கொடுப்பதற்கு எங்கள் கையில் ஏதோ ஒன்று இருந்தது. 2000இல் இந்தியாவில் சில மருத்துவமனைகளில் ஏ.இசட்.டி.யோடு முன்னோட்டம் நடந்தது. அடுத்த ஆண்டு நெவிரபினுக்கு மாறினார்கள். பின் அது தேசியத் திட்டமானது. 2014 ஜனவரி 1 முதல் இன்னொரு படி: தொற்றுள்ள ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் மூன்று மருந்துகள் சேர்ந்த கூட்டு சிகிச்சை, பிரசவத்தோடு நிறுத்தாமல் ஆயுள் முழுவதும். பிள்ளைக்காக மட்டும் தாய்க்கு மருந்து என்ற காலம் அன்றோடு முடிந்தது. மருந்து அவளுக்கும் உரியது என்று ஆனது.

இதன் பலனைப் பாருங்கள். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவில் இருந்த எச்.ஐ.வி., இன்று ஏறத்தாழ ஆயிரத்துக்கு இருவர் என்று குறைந்திருக்கிறது. மருந்தில்லாவிட்டால் நூறு குழந்தைகளில் 15 முதல் 45 வரை தொற்றக்கூடிய கிருமி, தாய் முறையாக மருந்து எடுத்தால் ஐந்துக்கும் கீழே வருகிறது.

நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் இதைக் கடக்க முடியாது. 2018 டிசம்பரில், விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில், ரத்தச்சோகைக்காக ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை ரத்த வங்கியிலிருந்து வந்த அந்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் ஓர் இளைஞர். தனக்குத் தொற்று இருப்பது தெரியாமலே கொடுத்தார். வெளிநாட்டு வேலைக்கான மருத்துவச் சோதனையில் தெரியவந்ததும், தானாகவே போய் ரத்த வங்கிக்குச் சொன்னார். அதற்குள் அந்த ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அதைத் தாங்க முடியாமல் அவர் விஷம் குடித்தார். டிசம்பர் 30 அன்று மதுரை பெரியாஸ்பத்திரியில் இறந்தார். அந்தப் பெண்ணும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவரப்பட்டார். மருந்து தொடங்கினார்கள். 2019 ஜனவரியில் அங்கே அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்குச் செய்த சோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அந்த ஆண்டு ஜூலையில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க அரசுக்கு உத்தரவிட்டது.

இந்த நிகழ்ச்சியில் சோதனை இரண்டு விதமாக நிற்கிறது. ரத்த வங்கியில் ஒரு சோதனை தவறியதால் ஒரு பெண்ணின் வாழ்க்கை சிதைந்தது, ஓர் இளைஞர் உயிர் போனது. தொற்று தெரிந்ததும் உடனே மருந்து தொடங்கியதால் ஒரு பெண் குழந்தை தொற்றில்லாமல் வளர்கிறாள். இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்குக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் எச்.ஐ.வி. இல்லை. மூன்றாம் மாதத்தில் இல்லை என்று வந்த ரிசல்ட், ஒன்பதாம் மாதத்துக்கும் உத்தரவாதம் ஆகாது. இடையில் ரத்தம் ஏற்றியிருக்கலாம். கணவருக்குப் புதிதாகத் தொற்றியிருக்கலாம். முதல் சோதனை, கிருமி உடம்பில் இருந்தும் ரத்தத்தில் எதிர்ப்பொருள் உருவாகாத இடைவெளிக் காலத்தில் நடந்திருக்கலாம். சேரும்போது ஒருமுறை பார்க்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தம்பதி. அங்கேயே கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கி, அங்கேயே செக்கப், அங்கேயே ரத்தப் பரிசோதனை. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு முடிந்து பெண் பரவைக்கு வந்துவிடுகிறாள். தாய்சேய் நல அட்டை கையோடு வந்தால் நல்லது. அவசரத்தில் மறந்துவிட்டு வந்தால், பாதிராத்திரி 108 ஆம்புலன்சில் வந்து இறங்கும் அந்தப் பெண்ணைப் பற்றி வார்டில் இருக்கும் செவிலியருக்கு ஒன்றுமே தெரியாது. தமிழ்நாட்டில் இன்று 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. இது நம் கிராம சுகாதாரச் செவிலியர்கள் சம்பாதித்துக் கொடுத்த பெருமை. அந்த வாசலைத் தாண்டாமல் பிள்ளை பெறுபவள் அநேகமாக இல்லை. ஆகவே வேறெங்கும் விட்டுப்போன பெண்ணைக் கடைசியாகப் பிடித்துக்கொள்ளக்கூடிய இடம் அந்த வாசல்.

கடைசி இடம் என்று சொல்கிறேன். முதல் இடம் ஆகக் கூடாது. எல்லா வைரசையும் வாசலில் தேடுவதிலும் பொருளில்லை. ருபெல்லாவை எடுத்துக்கொள்ளுங்கள். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் தாய்க்கு வந்தால் பிள்ளை கண்புரையோடும் இதயக் கோளாறோடும் பிறக்கும் என்று 1941இல் ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் நார்மன் கிரெக் கண்டு சொன்னார். நம் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் 1990களில், தென்னிந்தியக் குழந்தைகளின் கண்புரைக்கு ருபெல்லா ஒரு முக்கியக் காரணம் என்று ஆராய்ந்து எழுதினார்கள். பிரசவத்தன்று ருபெல்லா சோதனை செய்து என்ன பயன்? கண் ஏற்கனவே கெட்டிருக்கும். அதற்குரிய இடம் குழந்தைப் பருவத் தடுப்பூசி. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் தட்டம்மை, ருபெல்லா ஊசி போட்டது அதற்காகத்தான். அன்று வாட்ஸ்அப்பில் பரப்பிய பயத்தைக் கேட்டுப் பிள்ளையை வீட்டிலேயே நிறுத்திக்கொண்ட பெற்றோர் இங்கே இருந்தால், தயவுசெய்து இப்போதாவது மருத்துவரைக் கேளுங்கள்.

சோதனை செய்யும் விதத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு மனக்குறை அதிகம்.

2017இல் நாடாளுமன்றம் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டத்தை இயற்றியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. விவரம் சொல்லி, சம்மதம் பெற்று, பிறகே சோதனை செய்ய வேண்டும். முடிவை அவளுடைய அனுமதியின்றி வெளியில் சொல்லக் கூடாது. தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்கக் கூடாது. சட்டம் தெளிவாக இருக்கிறது. ஆனால் வலியில் துடிப்பவளிடம் நாலு தாளை நீட்டி, இங்கே கைநாட்டு, அங்கே கையெழுத்து என்றால் அது சம்மதமா? இரண்டு வலிக்கு நடுவே மூச்சு விடும் நேரத்தில், "தாயி, ஒரு சொட்டு ரத்தம் எடுக்கிறோம், உனக்கோ பிள்ளைக்கோ மருந்து தேவையா என்று பார்க்க, வேண்டாம் என்றாலும் உன்னைக் கவனிப்போம்" என்று அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லும் செவிலியர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

வேறு விதமும் பார்த்திருக்கிறேன். ஓர் ஆஸ்பத்திரியில், பெயர் வேண்டாம், தொற்று உறுதியான பெண்ணின் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையால் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்தார்கள். விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் படித்தார்கள். சிசேரியன் பட்டியலில் அவளைக் கடைசிக்குத் தள்ளினார்கள். அவளுக்குச் சொல்லும் முன்பே மாமியாருக்குச் சொன்னார்கள். ஊழியர்களின் பாதுகாப்புக்காக இதெல்லாம் என்றார்கள். அந்தப் பேச்சுக்கு மருத்துவமே பதில் சொல்கிறது. ஊசி குத்திவிட்டால் தொற்றும் வாய்ப்பு, எச்.ஐ.வி. என்றால் ஆயிரத்துக்கு மூன்று. தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் நூற்றுக்கு முப்பது வரை. எச்.ஐ.வி. குத்துக்கு 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் எடுக்கும் மருந்து இருக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் மூன்று ஊசி இருக்கிறது. இடைவெளிக் காலத்தில் இருக்கும் பெண்ணுக்குத் தொற்று இல்லை என்றுதான் ரிசல்ட் வரும். அவள் ரத்தத்தில் கிருமி இருக்கும். ஆகவே கையுறையும் கண்ணாடியும் ஏப்ரனும் எல்லாப் பிரசவத்துக்கும் வேண்டும். ரிசல்ட்டைப் பார்த்துக் கையுறை மாட்டும் ஊழியருக்குப் பாதுகாப்பு இல்லை. இந்த அவையில் உள்ள செவிலியர்கள், வார்டு ஆயாக்கள், துப்புரவுப் பணியாளர்கள் மூன்று ஊசியையும் போட்டு முடித்தார்களா என்று அவரவர் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்பதால் விட்டுப்போனவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். குப்பைக் கூடையில் கிடக்கும் ஊசி அவர்கள் கையில்தான் குத்துகிறது.

இது எட்டாத காரியம் என்று யாரும் எண்ண வேண்டாம். 2015இல் கியூபா, தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த முதல் நாடு என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. 2016இல் தாய்லாந்து. 2019இல் இலங்கை. சிபிலிஸ் வைரஸ் நோய் அல்ல. ஆனாலும் அதே சொட்டு ரத்தத்தில் பார்த்து, பென்சிலினால் தீர்க்கக்கூடியது என்பதால் சேர்த்தே பார்க்கிறார்கள். யுத்தத்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் சீரழிந்த இலங்கை, யாழ்ப்பாணத்துத் தாயையும் காலி நகரத்துத் தாயையும் ஒரே கணக்கில் கொண்டுவந்து அதைச் செய்து காட்டியிருக்கிறது. நம்மிடம் இருக்கும் மருத்துவமனைகளுக்கும் செவிலியர் அணிக்கும் நாம் இதில் பின்தங்கி நிற்கக் காரணமே இல்லை.

அரசுக்கும் தனியார் மருத்துவமனை நடத்துபவர்களுக்கும் என் வேண்டுகோள் மூன்று வரிதான். விரல்நுனிச் சோதனை அட்டைகள் இரவு இரண்டு மணிக்கும் பிரசவ அறையிலேயே இருக்க வேண்டும். இம்யூனோகுளோபுலின் குப்பி, சீமாங் என்னும் அவசர மகப்பேறு மையம் ஒவ்வொன்றின் குளிர்பெட்டியிலும் இருக்க வேண்டும். ரிசல்ட் என்னவாக இருந்தாலும், வந்த பெண்ணை வந்த இடத்திலேயே பிரசவம் பார்க்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதற்குத் தொற்று மட்டும் காரணமாகக் கூடாது.

உங்களுக்கு, பரவையின் அம்மாமாருக்கும் மாமியார்களுக்கும், அப்பாக்களுக்கும்: பெண் மாசமானதும் மூன்றாம் மாதத்திலேயே பக்கத்திலுள்ள சமயநல்லூரிலோ வேறெங்கேயோ எல்லா ரத்தப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். மாப்பிள்ளையும் கூடப் போய்ச் சோதனை செய்துகொள்ளட்டும். அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தாய்வீட்டுக்கு வரும்போது புடவைகளுக்கு மேலே அட்டையை வைத்துக் கட்டுங்கள். ரிசல்ட் எதுவாக இருந்தாலும் அதை முதலில் அவள் காதில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்ததும், ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு, "ஹெபடைடிஸ் பி ஊசி போட்டாச்சா?" என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் தீபாவளியாக இருந்தாலும், அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, 24 மணி நேரம் முடிவதற்குள் கேளுங்கள்.